எடைமேடை மாறுவதில்லை, விதி மாறிக்கொண்டே இருக்கிறது

2018 மே 16ஆம் தேதி மலேசிய நிதியமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி ஜூன் 1 முதல் பூஜ்யம். பொதுத்தேர்தல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம், கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இரண்டு வார அவகாசம். அந்த மூச்சு அடங்குவதற்குள் செப்டம்பர் 1ஆம் தேதி பழைய விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது.

பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் போன்ற ஊரில் இந்த அறிவிப்பு எங்கே போய் இறங்கியது என்று பார்த்தால், மென்பொருள் கட்டமைப்பைப் பற்றிப் பெரிய நிறுவனங்களை வைத்து எழுதப்படும் பாடங்களைவிடத் தெளிவான பாடம் கிடைக்கும். கீழ்ப் பேராக்கில் ஊரைச் சுற்றிச் செம்பனை (எண்ணெய்ப் பனை)த் தோட்டங்கள். பெரிய தோட்டங்களுக்கு நடுவே சில ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களும் உண்டு. அவர்களில் பலர் குலைகளை நேரே ஆலைக்குக் கொண்டுபோவதில்லை. சாலையோரப் பழக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். ஓர் எடைமேடை, தரம் பார்க்கும் சிமெண்டுத் தளம், தகரக் கூரை போட்ட அலுவலகம், அதற்குள் ஒரு கணினி, கணினிக்கு முன்னால் ஒரு கிராணி (எழுத்தர்).

வேலை இப்படி நடக்கிறது. லாரி சரக்கோடு மேடையில் ஏறுகிறது. மொத்த எடை பதிவாகிறது. குலைகள் தளத்தில் கொட்டப்படுகின்றன. தரம் பார்ப்பவர் கொக்கியால் புரட்டிப் பார்க்கிறார். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர விதிப்படி, பழுத்த குலை என்றால் குறைந்தது 10 பழங்கள் உதிர்ந்த தடமாவது இருக்க வேண்டும். காயாக இருந்தால், அழுகியிருந்தால், காம்பு நீளமாக இருந்தால் கழிவு (பிடித்தம்) உண்டு. பிறகு வெற்று லாரியின் எடை, அதிலிருந்து நிகர எடை, அதற்குமேல் விலை. விலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: எண்ணெய்ப் பிழிவு விகிதத்தில் (குலை எடையில் எண்ணெய் எத்தனை விழுக்காடு என்பது) ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்று வாரியம் தரும் அடிப்படை விலையை விகிதத்தால் பெருக்க வேண்டும். 1 விழுக்காட்டுக்கு 45 ரிங்கிட், விகிதம் 19 என்று வைத்துக்கொண்டால் டன்னுக்கு 855 ரிங்கிட். கடைசியில் டிக்கெட், பணம். வெட்டிய குலையில் நேரம் ஆக ஆகக் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விடுவது நல்லது. ஆகவே மென்பொருள் மக்கர் செய்கிறது என்று லாரிகளை வரிசையில் நிறுத்திவைக்க முடியாது.

இத்தகைய இடங்களில் நான் பார்த்த பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரே குணம் கொண்டவை. எல்லாமே ஒரே நிரல். ‘டிக்கெட் அச்சிடு’ என்ற பொத்தானை அழுத்தினால் எடையைக் கழிக்கும், கழிவைக் கணக்கிடும், விலையைப் பெருக்கும், வரியைச் சேர்க்கும், பேரேட்டில் எழுதும், காகிதத்தையும் துப்பும். 6 என்ற எண் டிக்கெட் அச்சிடும் இடத்தில் ஒருமுறை, ஆலைக்குப் போகும் விலைப்பட்டியலில் ஒருமுறை, மாத அறிக்கையில் ஒருமுறை என்று சிதறிக் கிடக்கும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்குவது ஐந்து நிமிட வேலைதான். அது இன்னும் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று உறுதி செய்வதும், எடையும் தரமும் கெடவில்லை என்று சோதித்துப் பார்ப்பதும்தான் இரண்டு வாரத்தைத் தின்றுவிடும்.

சேவை சார்ந்த கட்டமைப்பு இந்த நோய்க்குச் சொன்ன மருந்து எளிது. கார்ட்னர் ஆய்வு நிறுவனத்தார் 1996இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி இணையச் சேவைகளுக்கான தரங்கள் வந்தபின் அது பரவியது. ஒரு வேலையை முழுதாகச் செய்து தரும் பகுதியைத் தனியே பிரித்து, அதற்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும் என்று ஓர் ஒப்பந்தம் எழுதிவைப்பதே சேவை. கொள்முதல் நிலையத்தில் எடைச் சேவை, தரச் சேவை, விலைச் சேவை, விற்பவர் பதிவேடு, வரி ஆவணச் சேவை, பணம் வழங்கும் சேவை என்று பிரிக்கலாம். விலைச் சேவையிடம் தேதியையும் விகிதத்தையும் கொடுத்தால் டன் விலையைச் சொல்லும். உள்ளே அந்த விலையை வலையிலிருந்து எடுத்ததா, காலையில் கிராணி தட்டெழுதியதா என்பது கேட்பவருக்குத் தேவையில்லாத விஷயம். ஒப்பந்தம் மாறாதவரை உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இங்கே பலர் தவறுவது துண்டு போடும் அளவில். லாரி எண்ணைச் சொல்ல ஒரு சேவை, ஓட்டுநர் பெயரைச் சொல்ல ஒரு சேவை என்று நறுக்கினால் ஒரு டிக்கெட்டுக்கு நாற்பது அழைப்புகள் பறக்கும். ‘கொள்முதல் சேவை’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பழைய நிரலுக்குப் புதுப் பெயர் வைத்ததாகிவிடும். தளத்தில் நிற்கிறவர் தன் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடிய இடம் எதுவோ, அங்கே வெட்டுவது பெரும்பாலும் சரியாக வரும்.

ஆனால் வெட்டிவிட்டால் வேலை முடிந்ததா? எடைச் சேவை தன் வேலை முடிந்ததும் தானே தரச் சேவையை அழைக்கிறது, தரச் சேவை விலையை, விலை பணம் வழங்குவதை. எதற்குப் பின் எது என்ற ஒழுங்குமுறை இப்போது எங்கே இருக்கிறது? எல்லாச் சேவைகளின் வயிற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். ‘பணம் கொடுப்பதற்கு முன்னால் மேலாளர் ஒப்புதல் வேண்டும்’ என்று முதலாளி ஒரு புது நிபந்தனை போட்டால் எந்தச் சேவையைத் திறப்பது? வெற்று லாரி எடை பார்த்தபின் என்ன நடக்கும் என்று கேட்டால், பதில் சொல்ல ஓர் இடமும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. பழைய சிக்கலேதான், நடுவில் கம்பி மட்டும் கூடியிருக்கிறது. சேவைக் கட்டமைப்புக்குக் கோடிக்கணக்கில் செலவழித்த நிறுவனங்கள் எதிர்பார்த்த சுறுசுறுப்பைக் காணாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

அந்த ஒழுங்குமுறையைக் கவனிக்கும் வணிகச் செயல்முறை மேலாண்மை வேறொரு வாசல் வழியாக வந்தது. நிர்வாகச் சிந்தனையாளர் மைக்கேல் ஹாமர் 1990இல் எழுதிய கட்டுரையில், மோசமான வேலைமுறையைக் கணினிமயமாக்காதீர்கள், முதலில் அதை ஒழித்துக்கட்டுங்கள் என்று முழங்கினார். அதன் தொடர்ச்சியாக வேலை ஓட்டத்தைப் படமாக வரைவது நிர்வாகத்தில் ஒரு கலையாயிற்று. வரையும் குறியீடுகளுக்கு 2004இல் பிபிஎம்என் என்ற தரம் வந்தது. வட்டம் தொடக்கம், செவ்வகம் வேலை, சாய்சதுரம் பாதை பிரியும் இடம். 2011இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, வரைந்த படத்தையே ‘செயல்முறைப் பொறி’ என்ற மென்பொருள் படித்து இயக்கும்படி பொருள் வரையறுத்தது. 2013இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. படம் அழகுதான். ஆனால் செவ்வகத்துக்குள் எழுதியிருக்கும் ‘விலை கணக்கிடு’ என்பதற்குப் பின்னால் அழைக்கக்கூடிய சேவை ஒன்றும் இல்லையென்றால், அந்தப் படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டத்தான் உதவும். அப்படி மாட்டிய படங்களை நிறையவே பார்க்கலாம், தரச் சான்றிதழுக்குப் பக்கத்திலேயே.

இரண்டையும் இணைக்கும் முதல் பெருமுயற்சி கொஞ்சம் கோணலாகப் போயிற்று. ஐபிஎம், மைக்ரோசாப்ட், பிஇஏ ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2002இல் பிபெல் என்ற மொழியைக் கொண்டுவந்தன. 2007இல் அதன் இரண்டாம் பதிப்பு, ஒயாசிஸ் என்ற தர அமைப்பின் தரமாயிற்று. சேவைகளை எந்த வரிசையில் அழைப்பது என்பதை அது நன்றாகவே சொன்னது. ஆனால் அதில் மனிதனுக்கு இடமில்லை. தரம் பார்ப்பவர் ஒரு குலையைக் கையில் எடுத்து யோசிக்கிறார், மேலாளர் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். இவற்றை எழுத அந்த மொழியில் வழியில்லை. அதற்குத் தனியாக ஒட்டுப்போட வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், சேவைகளை இணைக்கும் நடுப்பாதை மென்பொருள் என்று பெரிய விலைக்கு விற்கப்பட்டவை எல்லா விதிகளையும் தமக்குள் விழுங்கிக்கொண்டன. 2009 ஜனவரியில் பர்ட்டன் குழுமம் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆன் தாமஸ் மேனெஸ் சேவை சார்ந்த கட்டமைப்பு செத்துவிட்டது என்று அறிவித்தார். சேவைகள் வாழ்க என்றும் அதே மூச்சில் சொன்னார். 2014இல் நுண்சேவைகள் என்ற பெயரில் அந்தக் கருத்து மறுபடி நடந்து வந்தது. பெயர்தான் போனதே தவிர, சேவையை வேலை ஓட்டத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்ற தேவை எங்கும் போகவில்லை.

இப்போது நிலையத்துக்குத் திரும்பலாம், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதை மின்-விலைப்பட்டியல் அளவுக்குக் காட்டியது வேறெதுவும் இல்லை. உள்நாட்டு வருமான வரி வாரியம் இதை 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டியவர்களிடம் தொடங்கியது. 2025 ஜனவரியில் 2.5 கோடிக்கு மேற்பட்டவர்கள், ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், அடுத்த கட்டம் 2026 ஜனவரியில். விலக்குக்கான ஆண்டு விற்பனை வரம்பு முதலில் 150,000 ரிங்கிட், பிறகு 500,000, அதன்பின் 10 லட்சம். விதி நகர்ந்துகொண்டே இருந்தது.

இந்த விதி பழைய வேலை ஓட்டத்தில் ஒரு படியைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. ஓட்டத்தின் உருவத்தையே மாற்றியது. வழக்கமாக விற்பவர்தான் விலைப்பட்டியல் தருவார். விற்பவர் தொழில் நடத்தாத தனிநபர் என்றால், வாங்குகிறவரே அவருக்காக மின்-விலைப்பட்டியல் எழுத வேண்டிய நிலை வருகிறது. ஆகவே குலை கொண்டுவந்தவர் யார் என்பதைப் பொறுத்துப் பாதை பிரிகிறது. விற்பவரின் அடையாள எண்ணும் வரி எண்ணும் வேண்டும். ‘பழைய ஆள்தான், தெரியும்’ என்று கிராணி சொல்வது போதாது. ஆவணம் வரி வாரியத்துக்குப் போய்ச் சரிபார்க்கப்பட்டுத் தனி எண்ணோடு திரும்பி வருகிறது. அதற்குப் பிறகும் 72 மணி நேரம் அதை ரத்து செய்ய வழியுண்டு. அந்த நேரம் கடந்துவிட்டால் ரத்து இல்லை. பற்றுக் குறிப்போ வரவுக் குறிப்போ எழுதித்தான் சரிசெய்ய வேண்டும்.

அந்த 72 மணி நேரத்தைக் கவனியுங்கள். ஒரே பொத்தானில் எல்லாவற்றையும் செய்யும் நிரலுக்கு மூன்று நாள் காத்திருக்கத் தெரியாது. தனித்தனிச் சேவைகளுக்கும் தெரியாது; கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடுவது அவற்றின் இயல்பு, அதுவே அவற்றின் பலம். காத்திருப்பது, நினைவு வைத்திருப்பது, நேரம் முடிந்ததும் அடுத்த பாதைக்குத் திரும்புவது எல்லாம், சேவைகளுக்கு மேலே நின்று வேலை ஓட்டத்தை நடத்தும் செயல்முறை அடுக்கின் வேலை. பிபிஎம்என் படத்தில் ஒரு கடிகாரக் குறி போட்டால் போதும். எடைச் சேவையையும் விலைச் சேவையையும் யாரும் தொட வேண்டியதில்லை.

செய்ததைத் திரும்பப் பெறுவதும் அந்த அடுக்கின் பொறுப்பே. பணம் கொடுத்தாயிற்று, குலை ஆலைக்குப் போய்விட்டது, பிறகு விற்பவரின் வரி எண் தவறு என்று தெரிகிறது. தரவுத்தளத்தில் செய்வதுபோல எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியாது. பிழிந்த எண்ணெய் குலைக்குத் திரும்பாது. ஒவ்வொரு படிக்கும் ஓர் எதிர்ப்படி வைத்து, நடந்ததை ஈடு செய்துகொண்டே பின்னால் வர வேண்டும். கணினி ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே நீண்ட பரிவர்த்தனைகளுக்கு இந்த வழியைச் சொல்லிவைத்தார்கள். வரி ஆவணத்துக்கு எதிர்ப்படி ரத்து, நேரம் தாண்டினால் குறிப்பு. பணத்துக்கு எதிர்ப்படி அடுத்த டிக்கெட்டில் பிடித்தம். எடைக்கு எதிர்ப்படி கிடையாது. எடை நடந்த உண்மை.

எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: எது எவ்வளவு வேகத்தில் மாறுகிறது? எடைமேடை கருவியோடு பேசும் முறை, கருவி மாறும் வரை மாறாது. தர விதிகள் அபூர்வமாக மாறும். விலை நாள்தோறும் மாறும், ஆனால் கணக்கு மாறாது. யார், எப்போது, எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்பது முதலாளியின் மனநிலையைப் பொறுத்தது. வரி, சம்பளச் சட்டம் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் இருக்கும் அரசைப் பொறுத்தது. வெவ்வேறு வேகத்தில் மாறும் இரண்டு விஷயங்கள் ஒரே நிரலுக்குள் இருந்தால், மெதுவானதை வேகமானது இழுத்துக் கெடுக்கும்.

தோட்டத்துச் சம்பளக் கணக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 2013இல் 900 ரிங்கிட், 2022 மே முதல் 1,500, 2025 பிப்ரவரி முதல் 1,700. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஊழியர் சேமநிதிச் சந்தா நெடுங்காலம் கட்டாயமில்லை. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து தொழிலாளியிடம் 2 விழுக்காடு, முதலாளியிடம் 2 விழுக்காடு. குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டினராக இருக்கும் தோட்டத்தில் இது ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் தொடும். ஆனால் பெரட்டில் (காலை அணிவகுப்பில்) பெயர் கூப்பிட்டு வருகை எழுதுவது மாறவில்லை. மண்டோர் (மேற்பார்வையாளர்) குலைகளை எண்ணிப் பதிவது மாறவில்லை. மாத முடிவில் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) மூடுவதும் மாறவில்லை. மாறியது ஒரு தீர்மானம் மட்டுமே. அத்தகைய தீர்மானங்களை வேலை ஓட்டப் படத்துக்குள் சாய்சதுரங்களாக அடுக்காமல், குடியுரிமை, வயது, தேதி, விகிதம் என்ற தனி அட்டவணையாக வைப்பதற்கு 2015இல் டிஎம்என் என்ற தரம் வந்தது. கணக்காளரே படித்துப் பார்த்துத் தவறு சொல்லக்கூடிய அட்டவணை. என் பார்வையில் சேவை, வேலை ஓட்டம், தீர்மான அட்டவணை என்ற மூன்றில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் பலன் தருவது இதுதான். ஏனோ இதைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

விதி மாறும் நாளன்று நடப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வரி மாறிய அந்த மே மாதக் கடைசியில் ஒரு நிலையத்துக் கிராணி என்னிடம் கேட்டார்: “தம்பி, 31ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு லாரி இங்கிருந்து கிளம்புகிறது. ஆலையில் எடை போடும்போது ஜூன் 1 ஆகிவிடும். எந்த வரி?”

“அதைக் கணக்காளர்தான் சொல்ல வேண்டும் அண்ணே. இரண்டு நேரத்தையும் எழுதி வையுங்கள்.”

அவர் கேட்டது சட்டக் கேள்வி மட்டுமல்ல, கட்டமைப்புக் கேள்வியும்கூட. பாதி வழியில் இருக்கும் வேலை பழைய விதியில் முடிய வேண்டுமா, புதிய விதிக்கு மாற வேண்டுமா? நல்ல செயல்முறைப் பொறிகள் ஒரே ஓட்டத்தின் இரண்டு பதிப்புகளையும் ஒரே நேரத்தில் ஓட விடும். பழையதில் தொடங்கியது பழையதிலேயே முடியும், புதிய லாரி புதியதில் ஏறும். தீர்மான அட்டவணைக்கும் அப்படியே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று ஒவ்வொரு பதிவுக்கும் எழுத வேண்டும். பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதை எழுதுகிற மென்பொருள், ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வரும்போது திருதிருவென விழிக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டதால் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு பெரிய செயல்முறைப் பொறி வாங்கி வைக்க வேண்டும் என்று யாரும் புறப்பட வேண்டாம். கமுண்டா போன்ற பொறிகள் நல்லவை. ஆனால் அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒற்றை நிலையத்துக்கு ஒரு டிக்கெட் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஓர் அட்டவணைப் பத்தி, நிலைமாற்றங்களை மட்டும் கையாளும் ஒரே ஒரு நிரல் கோப்பு, அனுப்ப வேண்டியவற்றின் வரிசை, இவை போதும். ஒழுங்குமுறை ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்த இடம் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து நிலையங்களும் ஓர் ஆலையும் தோட்ட அலுவலகமும் சேரும்போது கணக்கு வேறு.

மழை பெய்தால் இணையம் போகும் ஊர்களில் இன்னொன்றும் உண்டு. எடைச் சேவை இணையத்தை எதிர்பார்க்கவே கூடாது. மேடையில் லாரி நிற்கும்போது வலை தேடிக்கொண்டிருக்க முடியாது. வரி ஆவணம் காத்திருக்கலாம், அதற்கு வரிசை இருக்கிறது. இணைப்பு திரும்பியதும் வரிசையில் இருப்பவை மறுபடி அனுப்பப்படும். சில, போய்ச் சேர்ந்தும் பதில் வராததால் இரண்டாம் முறை போகும். ஒரே டிக்கெட் எண்ணோடு இரண்டு கோரிக்கை வந்தால் பணம் வழங்கும் சேவை ஒருமுறைதான் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனையை எழுத மறந்தால் அதன் விலை ரிங்கிட்டில் தெரியும்.

படத்தை யார் வரைவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஆலோசகர்கள் மேலாளர் அறையில் குளிர்சாதனத்தின் கீழ் வரைந்து முடித்துவிடுகிறார்கள். மேலாளர் சொல்வது நடக்க வேண்டியது. நடப்பது கிராணிக்குத்தான் தெரியும். ஒரு பெரியவர் பணத்தை வாரக் கடைசியில் மொத்தமாகத்தான் வாங்குவார். ஒருவருக்கு உர பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதி தர வேண்டும். இருவர் ஒரே லாரியில் குலை அனுப்புவார்கள், எடையைப் பிரிக்க வேண்டும். இவை விதிவிலக்குகள் என்று ஒதுக்கப்படும். ஆனால் ஒரு நாள் டிக்கெட்டுகளைப் புரட்டினால் விதிவிலக்கு இல்லாத டிக்கெட்டைத்தான் தேட வேண்டியிருக்கும். படத்தில் இவற்றுக்கு இடமில்லையென்றால் கிராணி தனிப் புத்தகம் போடுவார். போட்டாரென்றால் உண்மையான செயல்முறை அந்தப் புத்தகத்தில்தான் ஓடும்.

அடுத்து வரிசையில் நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு ஒழுங்குவிதி. 2023 ஜூனில் நடப்புக்கு வந்த அதன் அமலாக்க நாள் முதலில் 2024 டிசம்பர் 30, பிறகு 2025, அதன்பின் பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர். ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெய் எந்த நிலத்துக் குலையிலிருந்து வந்தது என்று புவி ஆயங்களோடு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு) காட்ட வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்கு எல்லைக்கோடே வேண்டும். 2020 முதல் கட்டாயமான மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழுக்காகச் சேர்த்த விவரங்கள் ஓரளவு கைகொடுக்கும். நில ஆயங்கள் விற்பவர் பதிவேட்டுக்குள் போக வேண்டியவை. விதி எப்படிப் போனாலும் பயன்படும் என்பதால் அவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்கலாம், அந்தச் சேவையைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை. ஆயம் இல்லாத குலையைத் தனிக் குவியலாகப் பிரிப்பதா, விலையைக் குறைத்து வாங்குவதா, வாங்காமல் திருப்பி அனுப்புவதா என்பதை வேலை ஓட்டத்தில் இப்போதைக்கு வரையாமல் விட்டுவைக்கலாம். ஆலைகள் தங்கள் நிபந்தனையைச் சொன்ன பிறகு வரைந்தால் போதும்.